சிலைக்கு இருட்டு எங்கே சேர்ப்பது: கேமராவிலா, எடிட்டிங்கிலா?

வெட்டவெளியில் நிற்கும் வெண்கலச் சிலையை இருண்ட, கனத்த தோற்றத்தில் காட்ட இரண்டு வழிகள் உண்டு. எடுக்கும்போதே எக்ஸ்போஷரை, அதாவது சென்சாரில் பதியும் ஒளியின் அளவை, ஒன்றரை ஸ்டாப் குறைப்பது ஒன்று (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). ஹைலைட், அதாவது மிகப் பிரகாசமான பகுதி, வெறும் வெள்ளையாக எரிந்துபோகாத அளவுக்கு வெளிச்சமாக எடுத்து, பிறகு எடிட்டிங்கில் இறக்குவது மற்றது. சின்னத் திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பெரிதாக்கிக் கண்குழியையும் ஆடை மடிப்பையும் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்.

சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா ஃபைலில் 16,384 ஒளி நிலைகள். அதில் பாதி, அதாவது 8,192, மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப்புக்கே போய்விடும். அடுத்ததற்கு 4,096, இப்படியே பாதி பாதியாகக் குறையும். இந்தக் கணக்கைவிட முக்கியமானது, நிழலில் சென்சாருக்குக் கிடைக்கும் ஒளியே சொற்பம் என்பது. கருத்த வெண்கலம் ஏற்கெனவே கீழ்ப்படிகளில்தான் இருக்கிறது. அதையும் குறைத்து எடுத்துவிட்டு, முகத்தை மட்டும் தூக்கலாமே என்று ஷேடோவை ஏற்றினால் பச்சையும் ஊதாவுமாக நாய்ஸ், அதாவது பொடிப்பொடியான நிறப் புள்ளிகள், கிளம்பும். எது களிம்பு, எது நாய்ஸ் என்று பிரித்தறிய முடியாது. வெளிச்சமாக எடுத்து இறக்கினால் நாய்ஸும் கூடவே அமுங்கிப்போகும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எக்ஸ்போஷரை ஏற்றக் கூடாது. எரிந்துபோன வெள்ளையை இருட்டாக்கினால் விவரமில்லாத சாம்பல் திட்டுதான் மிஞ்சும். மேகம், பலர் கைபட்டுப் பளபளக்கும் மூக்கு, பாதம், தங்க முலாம் ஆகியவைதான் முதலில் போகும் இடங்கள். முலாமில் சிவப்பு சேனல் முந்திக்கொண்டு எரியும். ஆகவே மொத்தப் பிரகாசத்தை மட்டும் காட்டும் வெள்ளை ஹிஸ்டோகிராமை (ஒளி நிலைகளின் வரைபடத்தை) நம்பாமல் மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கில் சிலையின் கருத்த மார்பை அளந்தால் கேமரா அதை நடுச்சாம்பலாக்கப் பார்க்கும், வானம் வெளுத்துவிடும். அங்கே -1 முதல் -1.5 ஸ்டாப் வரை குறைப்பது நியாயமே. வெள்ளைப் பளிங்குக்கு நேரெதிர்: +1 முதல் +1.5.

கேமராவிலேயே இருட்டாக எடுப்பது ஜெயிக்கும் இடம் நிழலுருவம். சூரியனுக்குப் பக்கத்து வானத்தை அளந்து, அந்த எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு எடுங்கள். கையோ கோலோ உடலோடு ஒட்டித் தெரிந்தால் வெறும் கருங்கட்டிதான் வரும். இரண்டடி நகர்ந்தால் பிரிந்துவிடும். ஜேபெக்கில் மட்டுமே எடுப்பவர்களும் கொஞ்சம் குறைத்தே எடுக்கலாம், எரிந்ததை அதில் மீட்க வழியில்லை.

-2, 0, +2 ஸ்டாப் என மூன்று படம் எடுத்து இணைப்பது மூன்றாவது வழி. சிலை அசையாது, ஆனால் இலையும் புறாவும் அசையும். இணைத்த படம் தட்டையாகி, தேடிப் போன இருட்டே காணாமல் போவதும் உண்டு. வான வெளிச்சமும் சிலையின் நிழலும் ஒரே படத்தில் அடங்காதபோது மட்டும் இதை நாடலாம்.

இருட்டாக்கும் கருவியிலும் தேர்வு உண்டு. எக்ஸ்போஷர் ஸ்லைடரை -1.5க்கு இழுத்தால் தோளில் விழுந்த வெயிலும் சேர்ந்து மங்கும். மிகக் கருத்த பகுதிகளை மாற்றும் பிளாக்ஸ் ஸ்லைடரை இழுத்தால் கண்குழி விவரமின்றிக் கறுப்பாக அடைந்துவிடும். எங்கள் ஓட்டு, இருட்டு முதல் வெளிச்சம் வரை ஒவ்வொரு நிலையையும் தனியே ஏற்றி இறக்க உதவும் கோடான டோன் கர்வுக்கே: கால்வாசிப் புள்ளியைக் கீழே இறக்கி, முக்கால்வாசிப் புள்ளியை அசையாமல் பிடித்துவையுங்கள். பிறகு மாஸ்க் போட்டு (ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து) வானத்தையும் பீடத்தையும் தனியே இறக்கலாம். வானத்தை ஒரு ஸ்டாப்புக்கு மேல் இறக்கினால் தலைமுடியோரம் வெள்ளைக் கோடு தோன்றக்கூடும். மாஸ்க் விளிம்பை மென்மையாக்கினால் குறையும். கறுப்பு வெள்ளையில் வானத்தை இருட்டாக்க நீல ஸ்லைடரை ஒரேயடியாக இழுப்பவர்களுக்கும் இதே தலைவலி, கூடவே வானத்தில் நாய்ஸ். லென்ஸ் முன் மாட்டும் போலரைசர் ஃபில்டர் வானத்தை இருட்டாக்கும் வேலையைச் சுத்தமாகச் செய்யும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளி போகும். சூரியனுக்கு 90 டிகிரி பக்கவாட்டு வானத்தில்தான் முழு பலன். ஈரக் கல்லின் மினுக்கத்தை அது அடக்கும், வெற்று உலோகத்தின் மினுக்கத்தை அடக்காது.

அச்சுக்குப் போகும் படமென்றால் மானிட்டர் வெளிச்சத்தை முதலில் குறையுங்கள். பளீரென்ற திரையில் சரியாகத் தெரியும் இருட்டு, காகிதத்தில் இன்னும் ஒரு படி கருக்கும். 0 (முழுக் கறுப்பு) முதல் 255 (முழு வெள்ளை) வரையுள்ள அளவில் 10க்குக் கீழே போன நிழல் பெரும்பாலும் ஒரே கறுப்பாகத்தான் அச்சாகும். கண்குழியை 15க்கு மேலேயே நிறுத்துங்கள்.