மூன்று காலாட்படையை வைத்து இந்தியாவைக் காக்க முடியுமா? ‘ஆக்சிஸ் அன்ட் அலைஸ் 1942’ விளையாடிய அனுபவம்

கனடாவில் இருக்கும் சின்னம்மாவின் மகன் போன வருசம் வந்தபோது கொண்டுவந்து தந்த பலகை விளையாட்டுப் பெட்டி இது, இரண்டாம் பதிப்பு. எட்டு மாதமாக மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஞாயிறு தவறாமல் விரிக்கிறோம். இரண்டாம் உலகப்போரைப் பற்றித் தேடி வாசிக்கிற ஆளென்றால் தயங்காமல் வாங்குங்கள்.

ஆட்டம் 1942 வசந்தத்தில் தொடங்கும். ஒரு பக்கம் ஜேர்மனியும் ஜப்பானும், மறுபக்கம் நேசநாடுகளான ரஷ்யா, பிரித்தானியா, அமெரிக்கா. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் உங்கள் கையிலும் தாயக்கட்டையிலும்தான்.

முதலில் படை வாங்கும் ஆட்டப் பணத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் ஜேர்மனிக்கு 41, ஜப்பானுக்கு 30, அமெரிக்காவுக்கு 42, பிரித்தானியாவுக்கு 31, ரஷ்யாவுக்கு 24. கூட்டினால் 71க்கு எதிராக 97, நேசநாடுகள் வென்றுவிட்ட மாதிரித்தான் தெரியும். ஆனால் அமெரிக்காவின் 42 முழுக்கச் சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. காலாட்படை ஒன்று 3. அப்படி இரண்டை ஐரோப்பாவுக்கு ஏற்ற 7க்கு ஒரு போக்குவரத்துக் கப்பல், அதற்குக் காவலாக 8க்கு ஒரு நாசகாரிப் போர்க்கப்பல். ஆறு ரூபாய்ச் சாமானுக்குப் பதினைந்து ரூபாய் லொறிக்கூலி கொடுப்பது போல. ஜேர்மனி வாங்கும் காலாட்படையோ நடந்தே ரஷ்யாவுக்குள் போய்விடும். கூட்டணியின் பலத்தைப் பணத்தை வைத்து மட்டும் அளக்கக் கூடாது என்று இந்த ஒரு கணக்கிலேயே விளங்கிவிடும்.

நேசநாடுகள் ஒருவருக்கொருவர் காசு கொடுக்கவும் முடியாது. ஆனால் பிரித்தானியப் போர் விமானம் மொஸ்கோவில் இறங்கி நின்று காவல் காக்கலாம். எங்கள் ஆட்டங்களில் மொஸ்கோ தப்பியதெல்லாம் அப்படித்தான்.

எனக்கு மனதுக்கு நெருக்கமான இடம், ஆட்டத்தில் பிரித்தானியாவின் கையில் இருக்கும் இந்தியா. அதன் மதிப்பு 3, அதனால் அங்குள்ள தொழிற்சாலையில் ஒரு சுற்றுக்கு மூன்று காய்கள்தான் இறக்கலாம். மச்சான் ஜப்பானை எடுத்தால் முழுக் கப்பல்படையையும் வங்காள விரிகுடாப் பக்கம் திருப்பிவிடுவான். நான் சுற்றுக்கு மூன்று காலாட்படை வைத்துக்கொண்டே இருப்பேன், நாலாம் சுற்றில் கல்கத்தா போய்விடும், அப்புறம் அவனுடைய டாங்கிகள் மொஸ்கோவின் பின்கதவுக்கு வந்து நிற்கும். இந்தியக் கடலில் நிற்கும் அந்த ஒற்றைப் பிரித்தானிய விமானந்தாங்கிக் காயைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஹேர்மிஸ்தான் நினைவு வரும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, திருகோணமலை மீது குண்டு விழுந்த அதே நாளில், தன்னிடம் ஒரு விமானமும் இல்லாத நிலையில் ஜப்பானிய விமானங்களிடம் அகப்பட்டு மூழ்கிய கப்பல். 307 பேர் போனார்கள். இன்றும் எங்கள் கரைக்கு அப்பால், ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அதே வசந்தத்தில்தான் இந்த ஆட்டமும் தொடங்குகிறது.

உண்மையான போரில் ஜேர்மனியும் ஜப்பானும் இப்படிச் சேர்ந்து நெருக்கவில்லை. 1942 ஜனவரியில் கிழக்கு 70 பாகைக் கோட்டில் உலகைப் பிரித்துக்கொண்டார்கள், இந்தியா ஜப்பான் பக்கம். ஆனால் ஜப்பான் 1941 ஏப்ரலில் ரஷ்யாவோடு செய்த நடுநிலை ஒப்பந்தத்தைவிட்டு விலகவில்லை. ஆட்டத்தில் அந்த ஒப்பந்தம் கிடையாது. ஜப்பான் முதல் சுற்றிலேயே சைபீரியாவுக்குள் இறங்கலாம். இதைத் தவறு என்று சிலர் சொல்வார்கள், எனக்கு இதுதான் பெட்டிக்குக் கொடுக்கும் விலைக்குப் பெறுமதி. இரண்டு பேரும் உண்மையிலேயே ஒரே திட்டத்தோடு இறங்கியிருந்தால் ரஷ்யா எவ்வளவு காலம் தாங்கியிருக்கும் என்பதைக் கையால் நகர்த்திப் பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. ஒரு ஆட்டம் ஐந்து மணித்தியாலம் போகும், பாதியில் எழும்ப முடியாது. காய்கள் சின்னன், கடற்காற்று அடிக்கிற விறாந்தையில் வரைபடத்தின் மூலைகளுக்குக் கல் வைக்க வேண்டும். நாடு நாடாகப் பிரித்துச் ஸிப் (zip) வைத்த பைகளில் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் அடுக்கவே ஒரு மணித்தியாலம். புதிதாக வருபவருக்கு ரஷ்யாவைக் கொடுங்கள், கப்பல் வேலை குறைவு.

வருகிற ஞாயிறு நான் திரும்பவும் பிரித்தானியா. இந்த முறை இந்தியாவில் காலாட்படையை அடுக்காமல், அமெரிக்காவை எடுக்கும் தம்பியிடம் முதல் சுற்றிலிருந்தே பசிபிக்கில் கப்பல் கட்டச் சொல்லியிருக்கிறேன்.