ப்ராசசர் மாற்றியதும் "போர்டு போயிடுச்சு" என்றார்கள்: ரிச்சி ஸ்ட்ரீட்டில் நான் ஏமாந்த கதை

கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் தொழில். கொரட்டூரில் வீட்டிலேயே ஓர் அறையில் வேலை. ஆவணி முகூர்த்தங்கள் முடிந்து நான்கு ஆல்பங்கள் கையில் இருந்த நேரத்தில்தான் இது நடந்தது. கம்ப்யூட்டரைக் கழற்றி மாற்றும் எண்ணத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து படித்துவிட்டுப் போங்கள்.

என்னிடம் இருந்தது ரைசன் 3 2200ஜி ப்ராசசர், அது உட்காரும் பி450 மதர்போர்டு. பெரிய படங்களைத் திறந்தால் மிகவும் திணறும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் போர்டின் பெயரைச் சொல்லித்தான் கேட்டேன். "ரைசன் 5 5600 எடுத்துக்குங்க சார், அதே ஏஎம்4 சாக்கெட்தான், அப்படியே உட்காரும்" என்றார்கள். சாக்கெட் என்றால் போர்டில் ப்ராசசரைப் பொருத்தும் இடம். 9,800 ரூபாய். வீட்டில் வந்து நானே மாட்டினேன். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. ரேமைக் கழற்றி மாட்டினேன், ப்ராசசருக்குப் போகும் 8 பின் ஒயரைச் சரிபார்த்தேன். அதே கறுப்புத் திரை.

மறுநாள் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். அங்கிருந்த பையன் ப்ராசசரைக் குளிர்விக்கும் கூலரைத் திருகாமல் நேராக மேலே இழுத்தான். ப்ராசசரும் சேர்ந்து வந்துவிட்டது. ஏஎம்4 ப்ராசசரில் பின்கள் அதன் அடியில்தான் இருக்கும், மொத்தம் 1331. ஒன்று வளைந்தாலும் வம்பு. ப்ராசசரோடு பேஸ்ட்டால் ஒட்டியிருக்கும் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகித்தான் எடுக்க வேண்டும். என் நல்ல நேரம், எதுவும் வளையவில்லை.

பத்தே நிமிடத்தில் தீர்ப்பு வந்தது. "சார், போர்டு போயிடுச்சு. நீங்க மாட்டும்போது ஷார்ட் ஆகியிருக்கும்." என் கைத்தவறு என்று சொன்னதும் எனக்கு வாய் அடைத்துவிட்டது. பழைய ப்ராசசர் எங்கே, அதைப் போட்டுப் பார்க்கலாமா என்று அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க எனக்கும் தெரியவில்லை.

புதிய போர்டு 7,200 ரூபாய். அதிலும் படம் வரவில்லை. அப்போதுதான் "இந்த ப்ராசசருக்கு கிராபிக்ஸ் கார்டு வேணும் சார்" என்று, திரைக்குப் படம் அனுப்பும் ஜிடி 710 கார்டு ஒன்றை எடுத்து வைத்தார்கள். அது 3,600. சர்வீஸ் 800. பழைய போர்டுக்கு 600 ரூபாய் தருகிறோம், விட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். ஏனோ மனசு வரவில்லை, பையில் போட்டுக்கொண்டேன். அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனன் வந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நிறுவனத்தில் ஹார்டுவேர் பார்க்கிறான். கதையைக் கேட்டதும் அவன் முதலில் கேட்டது, "மாமா, பழைய ப்ராசசரை அதே போர்டில் திரும்பப் போட்டுப் பார்த்தாங்களா?" போட்டுப் பார்த்தோம். செத்துப்போனதாகச் சொன்ன போர்டில் படம் வந்தது. எனக்குக் கை நடுங்கியது.

கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்க போர்டிலேயே இருக்கும் மென்பொருள்தான் பயாஸ். அதன் திரையில் அந்தப் பதிப்பின் தேதி 2019 என்று இருந்தது. 5600 வந்ததோ 2022இல். சாக்கெட் ஒன்றாக இருந்தாலும், பின்னால் வந்த ப்ராசசரை அடையாளம் காணும் விவரம் அந்த பயாஸில் இல்லை. அதனால்தான் போர்டு அப்படியே நின்றுவிட்டது. சிக்கல் எதில் என்று காட்ட போர்டின் ஓரத்தில் நான்கு சின்ன விளக்குகள் இருக்கின்றன: சிபியூ (ப்ராசசர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் உள்ள டிஸ்க்). நான் முதல் நாள் மாட்டியபோது சிபியூ விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. அது என்னவென்று தெரியாததால் கவனிக்காமல் விட்டேன்.

போர்டு கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கு உரிய பயாஸ் ஃபைலை எடுத்து, எஃப்ஏடி32 ஆக ஃபார்மட் செய்த பென்டிரைவில் போட்டான். யுபிஎஸ்ஸில் இணைத்த பிறகுதான் அப்டேட்டைத் தொடங்கினான். நடுவில் கரண்ட் போனால் போர்டு நிஜமாகவே போய்விடுமாம். சில நிமிட வேலை. பிறகு 5600ஐப் போட்டோம், மறுபடி கறுப்புத் திரை. ஆனால் இந்த முறை எரிந்தது விஜிஏ விளக்கு. 2200ஜி-க்கு உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு, 5600க்குக் கிடையாது. போர்டில் உள்ள எச்டிஎம்ஐயில் ஒயரைச் செருகினால் எதுவும் வராது. ஜிடி 710ஐச் செருகியதும் விண்டோஸ் வந்துவிட்டது.

கார்டு தேவைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் என்னிடம் தனி கார்டு இருக்கிறதா என்று விற்கும்போதே கேட்டிருந்தால், உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள 5600ஜி-யை வாங்கியிருப்பேன். போர்டு வாங்கியதற்கோ எந்தத் தேவையும் இல்லை.

இரண்டு போர்டுகளையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "அன்னைக்கு வேலை செய்யலை சார், இன்னைக்கு செய்யுதுன்னா நாங்க என்ன பண்றது?" என்றார்கள். விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது என்று சீட்டில் சீல் வேறு. அந்தச் சீட்டே பில் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லாத வெறும் எஸ்டிமேட். அவசரத்தில் நான் பார்க்காமல் வாங்கிவிட்டேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம். ஐந்து லட்சம் வரையிலான வழக்கை மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லாமலே போடலாம். ஜிபே-யில் பணம் அனுப்பிய பதிவு, எஸ்டிமேட், இரண்டு போர்டுகளின் சீரியல் எண் படங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம்.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால் பழைய ப்ராசசரைக் கையோடு எடுத்துப் போங்கள். உங்கள் கண்ணெதிரே அதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதிலும் படம் வரவில்லை என்றால் மட்டும் போர்டைப் பற்றிப் பேசட்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் நேர்மையான கடைகள் நிறைய உண்டு, பத்து வருடமாக அங்கே வாங்குகிறேன். அதனால்தான் இது இவ்வளவு வலிக்கிறது.

1915இல் புகார் எண் கிடைத்திருக்கிறது, கடையிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை. நான்கு ஆல்பங்களில் மூன்றைக் கொடுத்துவிட்டேன். நான்காவது வீட்டாரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, ஒரு வாரம் அவகாசம் வாங்கி வந்திருக்கிறேன்.