14,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஷாஃப்ட்டைக் கெடுத்துக் கொடுத்தார்கள் – பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் உஷார்

இன்று காலையில்தான் விஷயம் முழுசாகத் தெரிந்தது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

குடியாத்தம் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன கடலை எண்ணெய் மில். கடலையைப் பிழிந்து எண்ணெய் எடுக்கும் எக்ஸ்பெல்லர் மெஷின் அப்பா வாங்கியது. வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலம். மில் சுவரில் இன்னமும் 'வ.ஆ. மாவட்டம்' என்றுதான் இருக்கிறது. மெஷின் நன்றாகவே ஓடுகிறது. கியர் பாக்ஸிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு சுற்றும் இரும்புத் தண்டுதான் ஷாஃப்ட், அதில்தான் புல்லி மாட்டும். அந்தப் பக்கம் மட்டும் ஆயில் சொட்டும். அங்கே ஆயில் வெளியே வராமல் ஷாஃப்ட்டைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் வளையம்தான் ஆயில் சீல். ஒரே வருஷத்தில் மூன்று தடவை அதை மாற்றினேன். புது சீல் ஒரு வாரம் தாங்கும், அப்புறம் பழைய கதை. சொட்டுகிற இடமும் சரியில்லை, பக்கத்திலேயே புண்ணாக்கு விழுகிறது. அதை மாட்டுக்கு வாங்கிப் போகிறார்கள். 140 நம்பர் கியர் ஆயில் கலந்த புண்ணாக்கை எந்த மனசோடு எடை போடுவது?

வேலூரில், தேய்ந்த ஷாஃப்ட்டை பில்டப் செய்து, அதாவது தேய்ந்த இடத்தை நிரப்பிக் கொடுக்கிற ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம்.

நான் ஏமாந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அதுவரை வந்த மூன்று மெக்கானிக்கும் சீலைத்தான் பார்த்தார்கள், ஷாஃப்ட்டை ஒருத்தரும் தொடவில்லை. இந்த ஆள் என் விரலைப் பிடித்து சீல் உட்காரும் இடத்தில் வைத்து இழுத்தார். "நகம் மாட்டுது பாருணா. இந்தப் பள்ளத்துல இன்னா சீல் போட்டாலும் எங்கணா புடிக்கும்?" ரப்பர் போய் இரும்பை அறுக்குமா என்று கேட்டேன். ரப்பர் மட்டும் அறுக்காது, அதன் உதட்டில் தூசியும் மண்ணும் சிக்கிக்கொண்டு உப்புத்தாள் மாதிரி வருஷக்கணக்கில் தேய்க்கும் என்றார். உண்மைதான். பள்ளத்தை வெல்டிங் வைத்து நிரப்பி, கடைந்து, ஹார்டு குரோம் என்கிற கெட்டியான குரோமியப் பூச்சு ஏற்றி, கடைசியில் சாணைக்கல்லால் கிரைண்டிங் போட வேண்டும் என்றார். "லேத்தோட உட்டுட்டா மரை மாதிரி கோடு வுழும்ணா, அதே ஆயில வெளிய தள்ளிடும். கல்லு நவுறாம கிரைண்டிங் போடணும்." இதுவும் நூற்றுக்கு நூறு சரி. இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? அங்கேயே 14,500 ரூபாயை மொத்தமாக ஜிபேயில் போட்டேன். பில் கேட்டதற்கு, "நமக்குள்ள இன்னாணா பில்லு" என்று டீ வாங்கிக் கொடுத்தார். 14,500 ரூபாய் டீ.

ஒன்பது நாள் கழித்து ஷாஃப்ட் வந்தது. முகம் பார்க்கலாம் போல மின்னியது. மாட்டினோம். இரண்டு நாள் காய்ந்து கிடந்தது. மூன்றாம் நாள் முன்னைவிட அதிகமாகச் சொட்டியது, கூடவே பேரிங்கும் சூடானது.

போன் செய்தேன். சீல் டூப்ளிகேட்டாக இருக்கும் என்றார். அவர் சொன்ன கடையிலேயே 45-62-10 சைஸில் நல்ல கம்பெனி சீலாக வாங்கி மாட்டினேன், அதுவும் சொட்டியது. ஆயிலை அதிகமாக ஊற்றியிருப்பீர்கள் என்றார். குச்சி விட்டுப் பார்த்து போட்டோ அனுப்பினேன், பதில் இல்லை. நேரில் போனால் ஓனர் ஆரணிக்குப் போயிருக்கிறார் என்று ஒரு பையன் சொன்னான். உள்ளே அவருடைய வண்டி நின்றுகொண்டிருந்தது. அடுத்த முறை, கிரைண்டிங்கை வெளியில் ஒருவரிடம் கொடுத்ததாகவும் தப்பு அவருடையது என்றும் பேச்சு மாறியது. கடைசியில் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை: "பழைய மெஷின்ணா, சொட்டத்தான் செய்யும்." சொட்டாமல் இருக்கத்தானே ஐயா 14,500 ரூபாய் வாங்கினாய்?

இன்று காலை, ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்தேன். சீலைக் கழற்றச் சொன்னார். ஷாஃப்ட்டில் லேசாக ஆயில் தடவி, தையல் நூலில் ஒரு நட்டைக் கட்டி அதன்மேல் தொங்கவிட்டார். "மெதுவா சுத்து நைனா" என்றார். நூல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டுமாம். நான் புல்லியைச் சுற்றச் சுற்ற அது வெளிப்பக்கமாக ஊர்ந்து போனது. எதிர்த்திசையில் சுற்றினால் உள்ளே ஊர்ந்தது. அப்படியானால் லேத் கோடு அப்படியே இருக்கிறது, மேலே உப்புத்தாளை ஓட்டிப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பிறகு ஓரத்தில் அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். ஹார்டு குரோம் என்றால் அரம் வழுக்கிக்கொண்டு போகும். இங்கே கறகறவென்று கடித்தது. குரோமும் கிடையாது, கிரைண்டிங்கும் கிடையாது. வெல்டிங் சூட்டில் ஷாஃப்ட் கொஞ்சம் வளைந்தும் இருக்கிறது, பேரிங் சூடு அதனால்தான் என்கிறார்.

அதற்கு மேல் அவர் சொன்னதைக் கேட்டுத்தான் வயிறு எரிந்தது. பழைய பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஷாஃப்ட் தேயாமல்தான் இருந்ததாம். சீலுக்குப் பின்னால் ஒரு வளையம் கொடுத்து மூன்று மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்திருந்தால் உதடு நல்ல இடத்தில் ஓடியிருக்கும். இல்லாவிட்டால் இதற்கென்றே கால் மில்லிமீட்டர் கனத்தில் ஸ்டீல் ஸ்லீவ் என்று மெல்லிய உறை கிடைக்கிறது, பள்ளத்தின் மேல் தட்டி ஏற்றினால் போதும், அதே சைஸ் சீலையே போடலாம். இப்போது அந்த நல்ல இடத்திலும் வெல்டிங்கை வைத்துக் கெடுத்துவிட்டார்கள். இனி புது ஷாஃப்ட்தான் கடைய வேண்டும். 14,500 தண்டம், அதற்கு மேல் அந்தச் செலவு வேறு.

என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று வரிசையாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. தோன்றுவதைச் சொல்கிறேன். கியர் பாக்ஸில் காற்று போய்வரும் துளையான பிரீதர் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலிலும் ஆயில் கசியும். ஸ்லீவுக்கு வழி இருந்தால் வெல்டிங்கை நினைக்காதீர்கள். பாதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நூலும் அரமும் எடுத்துப்போய் பட்டறையிலேயே சோதித்த பிறகு மீதியைக் கொடுங்கள். பில் வாங்குங்கள். டீ குடிக்காதீர்கள்.

இதை எழுதும்போதே நடுவில் ஒரு தடவை கூப்பிட்டேன். "லைன்ல இருக்கேன்ணா, அஞ்சு நிமிஷத்துல நானே கூப்புடறேன்" என்றார். முக்கால் மணி நேரம் ஆகிறது.