கும்பகோணம் பைண்டர் பாய் கடை: பத்து வருடப் பழக்கத்தில் சொல்கிறேன்

கும்பகோணத்தில் சாரங்கபாணி கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சந்து. ஒரு முனையில் பாத்திரக் கடை, எதிரே வெற்றிலைக் கடை. உள்ளே நான்காவது கதவு. பலகை கிடையாது. வாசலை ஒட்டி ஒரு மரப் பிரஸ் நிற்கும், மைதா பசை வாசனை சந்து முனைவரைக்கும் வரும். பைண்டர் பாய் கடை என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள்.

இந்தக் கடையோடு எனக்கு 2015லிருந்து பழக்கம். நான் காவல் துறையில் அமைச்சுப் பணியாளராக, அதாவது சீருடை இல்லாத அலுவலக ஊழியராக இருந்தவள். 1989ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கடைசி ஒன்பது வருடம் டெல்டா மாவட்டம் ஒன்றின் மாவட்டக் காவல் அலுவலகத்தில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து, 2023ல் ஓய்வு பெற்றேன். கண்காணிப்பாளர் என்றதும் பலர் எஸ்.பி. என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் மாவட்டத்தைப் பார்ப்பவர், நான் பார்த்தது அலுவலகத்தை. தபால், தட்டச்சு, பணியமைப்பு, கணக்கு, பதிவறை என்று காக்கி போடாதவர்கள் உட்காரும் பிரிவுகள் என் பொறுப்பில் இருந்தன. காலையில் தபால் பிரித்துக் கொடுப்பது, உதவியாளர்கள் தங்களிடம் உள்ள கோப்புகளைக் குறித்து வைக்கும் தன்பதிவேட்டைப் பார்த்து எந்தக் கோப்பு எத்தனை நாளாகத் தூங்குகிறது என்று கேட்பது, ஓய்வூதியக் கருத்துருவை நேரத்துக்கு மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்கு அனுப்புவது, இதெல்லாம்தான் என் நாள்.

ஒரு பைண்டிங் கடையைப் பற்றி எழுத இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் பணிப்பதிவேடு. எஸ்.ஆர். என்போம். ஒரு காவலர் வேலையில் சேர்ந்த நாளில் திறக்கிற புத்தகம் அது. பிறந்த தேதி, இடமாறுதல், ஊதிய உயர்வு, விடுப்பு, நற்பணிப் பதிவு, தண்டனை எல்லாம் அதில் ஏறும். ஒவ்வொரு பதிவுக்கும் அதிகாரியின் கையெழுத்து உண்டு. முப்பது முப்பத்தைந்து வருடம் அந்தப் புத்தகம் கை மாறிக்கொண்டே இருக்கும்.

எங்கள் பக்கத்தில் அது இன்னும் அதிகமாக அலையும். 1988ல் சீர்காழிப் பக்கம் வேலைக்கு வந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது அது தஞ்சாவூர் மாவட்டம். 1991ல் நாகப்பட்டினம் பிரிந்தது, புத்தகம் அங்கே போனது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானது, மறுபடி மூட்டை கட்டினார்கள். மனிதர் அந்த வட்டாரத்தை விட்டு நகராமலே இருந்திருக்கலாம், அவருடைய எஸ்.ஆரில் மூன்று மாவட்டங்களின் முத்திரை இருக்கும். இத்தனை பயணத்தையும் தாங்க வேண்டியது ஒரு தையல் நூலும் ஒரு அட்டையும்தான்.

நான் பொறுப்பேற்பதற்குக் கொஞ்சம் முன்னால், மூன்று விலைப்புள்ளி வாங்கி, குறைந்த விலை சொன்ன ஒரு அச்சகத்துக்கு பைண்டிங் வேலையைக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் பதிவேடுகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது பார்க்க அழகாக இருந்தன. மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் நேராக வெட்டி, பக்கவாட்டில் கம்பி அடித்திருந்தார்கள். ஓரத்தில் இருந்த சரிபார்ப்புக் குறிப்புகளும் சுருக்கொப்பங்களும் வெட்டின துண்டோடு போய்விட்டன என்பதை யாரும் அப்போது பார்க்கவில்லை. பக்கவாட்டில் கம்பி அடித்தால் புத்தகம் விரிந்து படுக்காது. எழுதுகிறவர் முழங்கையால் அழுத்துவார், இரண்டு வருடத்தில் முதுகு உடையும், தாள் கழன்று விழும்.

2015ல் ஒரு தலைமைக் காவலர் மாரடைப்பில் இறந்துபோனார். அவருடைய மனைவி இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்தார். குடும்ப ஓய்வூதியக் கருத்துரு தயாரிக்க எஸ்.ஆரை எடுத்தால் 1996லிருந்து 2001 வரைக்கும் தாள்களே இல்லை. ஆறு வருடப் பணி காகிதத்தில் காணாமல் போயிருந்தது. பழைய சம்பளப் பட்டியலின் அலுவலக நகல்கள், டி.ஓ. என்கிற மாவட்ட ஆணைப் புத்தகங்கள், அவர் வேலை பார்த்த நிலையங்களில் இருந்த சிறு பணிப்புத்தகக் குறிப்புகள் என்று ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து, பதிவுகளைத் திரும்ப எழுதி, அதிகாரி கையெழுத்து வாங்கி முடிக்க ஏழு மாதம் ஆனது. இடைக்காலமாகக் கொஞ்சம் தொகை கிடைக்க வழி செய்தோம், ஆனால் அது போதவில்லை. அந்த அம்மா திங்கட்கிழமைதோறும் வருவார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். "இன்னும் எத்தனை தாள் கிடைக்கணும் மேடம்?" என்று கேட்பார். இன்றைக்கும் அந்தக் கேள்வி என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் நல்ல பைண்டர் யார் என்று விசாரிக்க ஆரம்பித்தேன். கோயில் கணக்குப் புத்தகங்களைத் தைத்துக் கொடுக்கிறார் என்று எங்கள் கணக்குப் பிரிவு உதவியாளர் ஒருவர் பாயைப் பற்றிச் சொன்னார். நேராகப் போய் வேலை கொடுத்துவிட முடியாது, அரசு அலுவலகம். விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே வேலை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதினேன். பதிவேடு அலுவலகத்தை விட்டு வெளியே போகாது, இங்கேயே வந்து தைக்க வேண்டும். ஓரம் வெட்டக் கூடாது. மடிப்பின் நடுவில் நூல் போட்டுத் தைக்க வேண்டும், கம்பி கூடாது. தாள்களை எண்ணி வாங்கி எண்ணித் திருப்பித் தர வேண்டும். இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் பின்வாங்கிவிட்டார்கள். திரும்ப ஒருமுறை விலைப்புள்ளி கேட்க வேண்டியதாயிற்று. பாய் மட்டும் அலுவலகத்துக்கே வந்து, "எண்ணித் தரணும்னு யாரும் இதுவரைக்கும் எழுதிக் கேட்டதில்ல மேடம். நான் எப்பவும் எண்ணித்தான் தைப்பேன்" என்றார்.

பதிவறை வராந்தாவில் அவருக்கு ஒரு பழைய மேசை போட்டுக் கொடுத்தோம். காலை பத்து மணிக்குக் கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவார். ஒரு துணிப்பையில் குத்தூசி, தையல் ஊசி, மெழுகு தடவிய நூல், எலும்பில் செய்த மடிப்புக் கட்டை. பசையை அங்கேயே காய்ச்சுவார். மைதாவோடு கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்பார், இராமபாணப் பூச்சியும் கரையானும் அண்டாமல் இருக்க. துத்தம் விஷம் என்பதால் அந்தப் பாத்திரத்தை வேறு யாரும் தொட விடமாட்டார். முதலில் தாள்களை எண்ணி, உள் அட்டையில் பென்சிலால் எண்ணை எழுதுவார். எங்கள் உதவியாளரும் எண்ணி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். கிழிந்த மடிப்புக்கு மெல்லிய தாள் ஒட்டி, காயவைத்து, அப்புறம்தான் தையல். செல்லோ டேப் பார்த்தால் முகம் சுருங்கிவிடும். டேப் ஒட்டிய இடத்தில் பத்து வருடத்தில் அதன் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும் என்று ஒரு பழைய பக்கத்தைக் காட்டித்தான் எனக்குப் புரியவைத்தார். அன்றைக்கே எல்லா மேசையிலிருந்தும் டேப்பை எடுக்கச் சொல்லிவிட்டேன். ஒரு நாளைக்கு ஏழு அல்லது எட்டு எஸ்.ஆர். முடிப்பார், அதற்கு மேல் கேட்டால் மாட்டார்.

கோப்புகள் விஷயத்தில் அவர் நடந்துகொண்டதை நான் எல்லோரிடமும் சொல்வேன். முடிந்த கோப்பை நாங்கள் எல். டிஸ்., கே. டிஸ்., டி. டிஸ்., ஆர். டிஸ். என்று பிரித்து வைப்போம். வைத்திருக்க வேண்டிய காலம் அதே வரிசையில் ஒரு வருடம், மூன்று வருடம், பத்து வருடம், நிரந்தரம். அவர் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "அப்ப நிக்கப்போறதுக்கு மட்டும் காலிகோ துணி பைண்டிங் போடுவோம் மேடம், மத்ததுக்கு ரெண்டு அட்டையும் ஒரு நாடாவும் போதும்" என்றார். எல்லாவற்றுக்கும் பைண்டிங் போட்டிருந்தால் அவருக்கு மூன்று மடங்கு பில் கிடைத்திருக்கும். வழக்குக் கோப்புகளையும் இரகசியக் கோப்புகளையும் அவரிடம் கொடுத்ததே இல்லை, அவரும் அந்த அலமாரிப் பக்கம் திரும்பியதில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. பதிவறை ஜன்னல் பெயர்ந்து, கீழ்த்தட்டு முழுக்க நனைந்துவிட்டது. மின்சாரம் இல்லை, போன் இல்லை, ஆட்கள் எல்லோரும் நிவாரண வேலையில். நனைந்த பதிவேடுகளை வெயிலில் போடலாம் என்று நான் சொல்லியிருந்தேன். நல்லவேளை, நான்காவது நாள் பாய் பாதி வழி லாரியிலும் மீதி வழி ஒரு பைக்கிலும் வந்து சேர்ந்தார். வெயிலில் போட்டால் தாள் முறுக்கிக்கொள்ளும், மை வெளுக்கும் என்று தடுத்துவிட்டார். பக்கத்துக்குப் பக்கம் பழைய செய்தித்தாள் வைத்து, நிழலில் காற்றோட்டமாக நிறுத்தி, ஈரம் ஏற ஏறத் தாளை மாற்றச் சொன்னார். பன்னிரண்டு நாள் அந்த வேலை நடந்தது. நீல மையில் எழுதின சில வரிகள் கரைந்துவிட்டன. ஆனால் அவர் தைத்திருந்த புத்தகங்களில் ஒரு தாள்கூடக் கழலவில்லை. கம்பி அடித்தவை துருப்பிடித்து, அந்தத் துரு தாளையும் அரித்திருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளுக்கு அவர் கூலி கேட்கவில்லை. நான் வற்புறுத்தி பில் போட வைத்தேன். அவர் உழைப்பு எங்கள் கணக்கில் வர வேண்டும் என்று நினைத்தேன்.

அதற்கு அடுத்த வருடம் பணிப்பதிவேடுகளை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் வேலை வந்தது. இப்போது சம்பளம், விடுப்பு எல்லாம் களஞ்சியம் என்கிற அரசுக் கணினி அமைப்பில் வந்துவிட்டது, இனி பைண்டிங் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். ஸ்கேன் செய்ய வந்த பையன்கள் விரிந்து படுக்கிற புத்தகத்தை ஐந்து நிமிடத்தில் முடித்தார்கள். கம்பி அடித்ததைப் பிரித்தெடுத்து, நடுமடிப்பில் மறைந்த வரியைத் தேடி, அரைமணி நேரம் போராடினார்கள். தையல் சரியாக இருந்த புத்தகம்தான் கணினிக்குள்ளும் முழுசாகப் போனது. எனக்கு ஓய்வு வயது 58லிருந்து 59, அப்புறம் 60 என்று ஆனதால் இரண்டு வருடம் கூடுதலாகக் கிடைத்தது. அதில் பாதியை அந்தப் பதிவறையிலேயே செலவழித்தேன், பாய் பாதி நாள் கூடவே இருந்தார்.

வசம்பு விஷயத்தையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் சரசுவதி மகாலில் சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை எல்லாம் பொடித்துக் கற்பூரம் சேர்த்து, பூச்சி அண்டாமல் இருக்கத் துணியில் முடிந்து வைப்பார்கள். அதை அவரிடம் சொன்னேன். அடுத்த முறை வரும்போது அதேமாதிரி முடிச்சுகள் தைத்துக்கொண்டு வந்து அலமாரிக்கு ஒன்றாக வைத்தார். இப்போது கடையிலும் கேட்டால் கிடைக்கும், ஒன்று 20 ரூபாய்.

குறைகளும் உண்டு. வேலை மெதுவாகத்தான் நடக்கும். மே, ஜூன் மாதங்களில் பள்ளி நோட்டு வேலை குவிந்துவிடும், அப்போது கொடுத்தால் மூன்று வாரம் ஆகும். வெள்ளிக்கிழமை மதியம் கடை இருக்காது. போனை எடுக்க மாட்டார். முதுகில் தங்க எழுத்து அடிக்கிறபோது தமிழில் ஒற்று விடுவார், எங்கள் "பணிப்பதிவேடு" இரண்டு முறை "பணிபதிவேடு" ஆகிவிட்டது, எழுதிக் கொடுத்துச் சரிபார்த்து வாங்குங்கள். முறையான பில் ஆரம்பத்தில் கிடையாது, அதனால் தணிக்கையில் எனக்கு ஒரு குறிப்பு வந்தது. இப்போது அவர் மகன் பில் புத்தகம் போட்டுவிட்டார். அதே மகன் முன்னறையில் ஜெராக்ஸும் ஸ்பைரல் பைண்டிங்கும் வைத்திருக்கிறார். ஸ்பைரல் வேலை சுமார்தான், அதற்கு இங்கே வர வேண்டியதில்லை.

விலை 2015ல் எஸ்.ஆர். ஒன்றுக்கு 60 ரூபாய், இப்போது 150. பெரிய லெட்ஜர் அளவுக்கு 400 வரை வரும். அலுவலகத்துக்கு வந்து தைத்தால் பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும் தனி. இந்தத் தரத்துக்கு இது அதிகமில்லை என்பது என் எண்ணம்.

ஓய்வுக்குப் பிறகு என் சொந்த வேலைக்காகவும் போகிறேன். வீட்டுப் பத்திரங்களை லேமினேட் செய்யலாமா என்று கேட்டபோது கையைப் பிடித்துத் தடுத்தார். அசல் பத்திரத்தைத் தைக்கவும் கூடாது, பிளாஸ்டிக்கில் அடைக்கவும் கூடாது என்று சொல்லி, காலிகோ துணியில் நாடா வைத்த உறை ஒன்று செய்து கொடுத்தார். 180 ரூபாய். வீட்டில் பத்திரம், பட்டா, பழைய கல்விச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதை ஒன்று வாங்கி வையுங்கள். எங்கள் ஊர் மழைக்கு நெகிழிப் பையில் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும், இதில் அவ்வளவாகப் பிடிக்காது.

போன மாதம் போனபோது அவருடைய மருமகள் தைத்துக்கொண்டிருந்தார். பாய்க்குக் கண் கொஞ்சம் மங்கிவிட்டது, ஊசியில் நூல் கோப்பது அந்தப் பெண்தான். தையல் அதே மாதிரி இறுக்கமாக இருக்கிறது, நான் விரித்துப் பார்த்தேன். கொண்டுபோகும்போது தாள்களை நீங்களே எண்ணிக்கொண்டு போங்கள். உங்கள் முன்னாலேயே அந்தப் பெண்ணும் எண்ணுவார். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால்தான் ஊசியை எடுப்பார்.