அச்சுப் புத்தகமா, பிடிஎஃப்பா?

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற, ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதை நகர்த்தும் விளையாட்டை ஆட உட்கார்ந்தாலே விதிகளை எதில் பார்ப்பது என்றுதான் முதல் சண்டை. அதன் விதிப் புத்தகமான 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 320 பக்கம், கெட்டி அட்டை. ஆத்தங்குடித் தரையில் விரித்தால் நாலு பேர் குனிந்து பார்க்கலாம், ஆனால் ஒரு மந்திரத்தைத் தேடிப் புரட்டுவதற்குள் சீப்புச்சீடைத் தட்டே காலி, பக்கமெல்லாம் எண்ணெய் விரல் தடம் வேறு.

பிடிஎஃப்பில் பெயரைத் தட்டினால் நொடியில் வந்து நிற்கும். அடிப்படை விதிகள் உள்ள எஸ்ஆர்டி 5.1 என்ற ஆவணம், 2023 ஜனவரியில் யாரும் பகிரலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே வந்துவிட்டது. போனில் படிப்பதுதான் கொடுமை, இரண்டு பத்திப் பக்கத்தைப் பெரிதாக்கி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, புதிதாகச் சேருகிறவருக்கு பிடிஎஃப்பைத்தான் அனுப்புவேன். போனில் சார்ஜ் தீர்ந்த ராத்திரி மட்டும் புத்தகக் கட்சிக்குத் தாவிவிடுவேன்.