பழைய சைக்கிளைத் தேற்ற: புளியா உப்புத்தாளா, ஸ்பிரேயா பவுடர் கோட்டிங்கா?

கொங்குப் பக்கம் பழைய சைக்கிளைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். பதினொன்றாவதில் அரசாங்கம் கொடுத்தது, பையன் பைக் வாங்கிய அன்றோடு கட்டுத்தரைச் சுவரில் சாய்ந்திருக்கும். இல்லையென்றால் அப்பாரு ஓட்டிய 28 இஞ்ச் ஹெர்குலிஸ் இருக்கும். வெளியே எடுத்துத் துடைக்க ஆரம்பித்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். என் கணக்கு ஒன்றுதான்: இருப்பதிலேயே மென்மையான வழியில் ஆரம்பியுங்கள், போதாவிட்டால் அடுத்ததுக்குப் போங்கள். சுரண்டியெடுத்த பூச்சு திரும்ப வராது.

முதலில் துரு. ஹேண்டில்பார், ரிம், பெல் மூடி எல்லாம் குரோம் என்றால் உப்புத்தாளைத் தொடாதீர்கள். பூச்சு மிக மெல்லிசு. அது போய்விட்டால் அடுத்த மழைக்கே அடியிலிருக்கிற இரும்பு சிவந்துவிடும். பிரியாணிப் பொட்டலம் சுற்றுகிற அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பழுப்புக் குழம்பு கிளம்பும், துணியால் வழித்தால் அடியில் பளபளப்பு தெரியும். குரோமைவிட அலுமினியம் மிருதுவானது என்பதால் கீறல் விழாது. பூச்சு உதிர்ந்த ஊசிமுனைப் புள்ளிகள் மட்டும் அப்படியே நிற்கும், அதற்கு வைத்தியமில்லை.

கழற்றியெடுக்கிற நட்டு, வாஷர், ஸ்டாண்டுக்கு அமிலம் சரி. புளி, எலுமிச்சை, வினிகர் மூன்றும் ஒரே விதமாகத்தான் துருவைக் கரைக்கின்றன. புளி வீட்டிலேயே இருக்கும், ஆனால் சக்கை மரைக்குள் போய் உட்காரும். என் ஓட்டு வினிகருக்கு. ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பிரஷ் போட்டு, சமையல் சோடாத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து உடனே எண்ணெய் தடவுங்கள். சோம்பல்பட்டு ஈரத்தோடு விட்டால் மத்தியானத்துக்குள் புதுத் துரு கட்டும். கக்கூஸ் கழுவுகிற ஆசிட் சீக்கிரம் வேலை செய்யும் என்பது உண்மைதான். நல்ல இரும்பையும் சேர்த்துத் தின்னும் என்பதும் உண்மை.

செயினுக்கு மண்ணெண்ணெயா டீசலா? மண்ணெண்ணெய் சுத்தமாகக் காயும், டீசல் கொஞ்சம் பிசுபிசுக்கும். ரேஷனில் மண்ணெண்ணெய் அரிதாகிவிட்ட காலத்தில், "டீசல்ல முக்கியெடு கண்ணு, போதும்" என்று கடைக்காரர் சொல்வதுதான் நடக்கிற காரியம். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்க ஒரு பொறி போதும். கழுவுவதற்கு முன்னால் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்: 24 கண்ணி 12 அங்குலம் இருக்க வேண்டும். 12⅛-ஐத் தொட்டிருந்தால் கழுவுவதே வீண், புதுச் செயின் வாங்குங்கள்.

எண்ணெயில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காயெண்ணெய்க்குக் குறைவில்லை, அதனால் கை அதற்குத்தான் போகிறது. 24 டிகிரிக்குக் கீழே அது உறைய ஆரம்பிக்கும்; மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாள்பட்டால் பிசினாகவும் மாறும். கிரீஸை செயின்மேல் அப்பினாலும் வம்புதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கும்போது பல்லடம், உடுமலைப் பக்கத்துப் புழுதியெல்லாம் அதில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி செயின் சக்கரத்துப் பல்லை அரைக்கும். திருப்பூரில் தெருவுக்குத் தெரு கிடைக்கிற தையல் மிஷின் ஆயில் கண்ணிக்கு ஒரு சொட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட்டால் முடிந்தது. மெல்லிசு எண்ணெய், அடிக்கடி விட வேண்டும், அவ்வளவுதான் குறை. ரிம்மில் மட்டும் பட்டுவிடக் கூடாது, பிரேக் கட்டை வழுக்கும்.

பால்ரஸை (அச்சு சுற்றுகிற இடத்துக் குண்டுகளை) நீங்களே பிரிக்கலாமா, முழுசாகப் பிரித்துச் சுத்தம் செய்கிற ஓவராயிலுக்குக் கடையில் கொடுக்கலாமா? சக்கர ஹப்பு இரண்டையும் நீங்களே செய்யுங்கள். முன்னுக்கு 3/16 அங்குலக் குண்டு, பின்னுக்கு 1/4. பழையதைத் துடைத்துப் போடாமல் புதிதாக வாங்கி, கிரீஸில் பதித்து வையுங்கள். இங்கே கிரீஸுக்கு நிகரில்லை. இடது பெடலுக்கு மரை தலைகீழ் என்பதை நினைவில் வைத்தால் பெடலும் கழன்றுவிடும். பெடல் கட்டையை அச்சோடு பிடித்திருக்கிற காட்டர் பின்னையும், சக்கரம் நெளிந்ததை நேராக்கிக் கோட்டம் எடுப்பதையும் கடைக்கு விட்டுவிடுங்கள். இறுகிப்போன பின்னைச் சுத்தியலால் அடித்தால் மரை மழுங்கும், பிறகு துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கடைசியாகப் பெயிண்ட். கோயம்புத்தூர் கணபதி மாதிரிப் பட்டறைகள் நிறைந்த இடங்களில் பவுடர் கோட்டிங் எளிதாகக் கிடைக்கிறது. ஃபிரேமைச் சுத்தமாக உரித்து, தூளைத் தூவி, 180 - 200 டிகிரி அடுப்பில் சுடுவார்கள். ஸ்பிரேயைவிடப் பலமடங்கு உழைக்கும். ஆனால் பால்ரஸ் உட்காருகிற கப்பு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், மரையை மூடாமல் அனுப்பினால் அடைத்துக்கொள்ளும், ஸ்டிக்கரும் கையால் போட்ட தங்கக் கோடும் போயே போய்விடும். அரசாங்கச் சைக்கிளுக்கு அது நஷ்டமில்லை. அப்பாரு வண்டிக்கு நான் கொடுக்க மாட்டேன். சோப்புத் தண்ணீர், கார் பாலிஷ், உரிந்த இடத்தில் மட்டும் டச்சப் போதும். ஸ்பிரேதான் என்று முடிவு செய்தால் ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும் போகட்டும். ஈரப் பெயிண்டில் புழுதி உட்கார்ந்தால் திரும்பத் தேய்க்க வேண்டியிருக்கும். தை, மாசியில் காற்று அடங்கின காலையாகப் பார்த்து, பிரைமருக்கு மேல் மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடியுங்கள்.