சுங்கை சிப்புட்டில் நான்கு வாரம்: கோயிலா, சந்தையா, திறந்த இல்லமா?

2025 அக்டோபர் மாதத் தாள் இன்னும் எங்கள் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. 2ஆம் தேதி விஜயதசமி, 6ஆம் தேதி சீனர்களின் விளக்குத் திருவிழாவான தங்லோங், 20ஆம் தேதி தீபாவளி. மூன்றுக்கும் என் மனைவி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, ஓரத்தில் செலவுக் கணக்கும் எழுதி வைத்திருக்கிறாள். கணக்கின் கடைசி வரியை மட்டும் யாரோ அடித்திருக்கிறார்கள். நான்தான்.

வெள்ளைக்கார நாடுகளில் இந்த மாதங்கள் இலையுதிர் காலமாம். எங்கள் பக்கம் மலேசியாவில் இலை உதிர்வது பிப்ரவரி, மார்ச்சில், அதுவும் பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில். அந்த நாட்களில் பால் குறையும், சம்பளமும் குறையும் என்பார் அம்மா. செப்டம்பர் முதல் நவம்பர் வரை இங்கே மழைதான். மதியம் மூன்று மணிக்கு வானம் கறுக்கும், ஐந்து மணிக்குக் கொட்டும், ஏழு மணிக்கு விட்டாலும் விடலாம். சாயங்காலம் எந்த நிகழ்ச்சி வைத்தாலும் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

சுங்கை சிப்புட் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில், தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த பட்டணம். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய, மலேசிய இந்தியக் காங்கிரஸின் முன்னாள் தலைவர் துன் சம்பந்தனின் ஊர் இது. நான் பிறந்தது தோட்டத் தொழிலாளர் வரிசையான லயத்து வீடு ஒன்றில். கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்த பிறகு எங்கள் வரிசை முழுக்கத் தாமான் (குடியிருப்பு) வீடுகளுக்கு வந்துவிட்டது. கோயில் மட்டும் தோட்டத்திலேயே இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் ஆறு பேர் இல்லை, ஐந்து பேர்தான். ஆனால் அம்மாவின் முழங்காலை ஆறாவது ஆளாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மகனுக்குப் பதினொன்று, மகளுக்கு ஆறு. பண்டிகைகள் வரும் இந்த நாலு வாரத்தில் எங்கே போவது, எதை விடுவது என்று தினம் ஒரு பஞ்சாயத்து. நான் செலவையும் தூரத்தையும் வைத்துப் பார்த்தேன். மனைவி ஒரே கேள்வியில் அதைக் கலைத்துவிட்டாள்: “அங்கே போயி பிள்ளைங்க என்னங்க செய்யப் போகுதுங்க?” அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் வரிசை அப்படியே தலைகீழாகிறது.

நான் முதலிடம் கொடுத்திருந்தது ஈப்போ தீபாவளிச் சந்தைக்கு. லாஹாட் சாலைப் பக்கம் லிட்டில் இந்தியா முழுக்கக் கூடாரம், விளக்கு, பாட்டு. சேலை, ஜிப்பா, வளையல், மருதாணி, பலகாரம் எல்லாம் ஒரே இடத்தில். புந்தோங் கச்சான் பூத்தே (கடலை, பயறு நொறுக்கு) வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. ரயிலில் போனால் ஈப்போ ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் அம்மாவையும் பைகளையும் வைத்துக்கொண்டு திரும்பி வரும் ரயிலைப் பிடிக்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. காடியிலேயே (காரில்) போனோம்.

காடி நிறுத்த இடம் தேடி முக்கால் மணி நேரம். இறங்கினதும் மழை. அம்மா ஒரு துணிக்கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர், கிளம்பும்வரை எழவில்லை. மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அவள் உயரத்துக்குத் தெரிந்ததெல்லாம் மனிதர்களின் இடுப்புதான். மகன் வாங்கிய மெரூன் ஜிப்பா முதல் சலவையிலேயே அவன் பள்ளிச் சட்டையை ரோஜா நிறமாக்கிவிட்டது. எந்தக் கடை என்று சொல்லமாட்டேன், எனக்கே நினைவில்லை, அவ்வளவு நெரிசல். 300 வெள்ளி (ரிங்கிட்) எடுத்துக்கொண்டு போனேன். வரும் வழியில் காடிக்கு எண்ணெய் ஊற்ற மனைவியிடம் கேட்க வேண்டியதாயிற்று.

சந்தையைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் போன இரவுகள் இன்னும் இனிக்கின்றன. பெரியவர்களுக்கு அது திருவிழா. பிள்ளைகளுக்கு அது வரிசையில் நிற்பது.

இதற்குப் போட்டி, எங்கள் தாமானில் நடக்கும் முறுக்கு இரவு. இதற்கு அழைப்பிதழ் கிடையாது. தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் யாராவது ஒரு அக்கா, “சனிக்கிழமை நம்ம வீட்ல சுடலாம்” என்பார்கள், அவ்வளவுதான். ஆறு குடும்பம், இரண்டு கேஸ் அடுப்பு, போர்ச்சுக்குக் கீழே. அரிசி மாவு ஒருவர், உளுத்தம் மாவு ஒருவர், எண்ணெய்க்கு எல்லோரும் காசு. மழை பெய்தால் காடியை வெளியே தள்ளிவிட்டு அடுப்பை உள்ளே இழுப்போம். பிள்ளைகளுக்கு எண்ணெய் பக்கம் வரக் கூடாது என்று கட்டளை. மற்றபடி நெய் உருண்டை பிடிப்பது, டின்களைத் துடைப்பது, ஆறின முறுக்கை அடுக்குவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. உடைந்தது அவர்களுக்கே என்று ஒரு சட்டமும் உண்டு. அதனால் நிறைய உடையும். எங்கள் பங்குக்கு ஆன செலவு 45 வெள்ளி, கிடைத்தது நாலு டின். என் அம்மா அன்றைக்கு ராணி. உட்கார்ந்த இடத்திலிருந்தே, “மாவு தளர்ந்து போச்சு, இன்னும் கொஞ்சம் போடு” என்று ஆறு வீட்டையும் அதட்டிக்கொண்டிருந்தார்.

பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையும் ஒரு போட்டியாளர்தான். வாராவாரம் வருகிறது, பக்கத்தில், மலிவு. ஆனால் எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்க சைவம். சாத்தே இறைச்சிப் புகைக்கு நடுவே சோளமும் கரும்புச் சாறும் வாங்கிக்கொண்டு மகன் நடக்கிற நடையைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஐப்பசியில் பார்த்துக்கொள்ளலாம்.

நவராத்திரிதான் உண்மையான போட்டி, ஏனென்றால் அதற்குள்ளேயே இரண்டு வழி. ஒன்று பட்டணத்துக் கோயில். அகலமான மண்டபம், மின்விசிறி, காடி நிறுத்த இடம், ஒன்பது படிக் கொலு, பரதநாட்டியம், ஒலிபெருக்கியில் நல்ல குரல். எல்லாம் நேரத்துக்கு நடக்கும், ஒன்பதரைக்கு வீட்டில் இருக்கலாம், மறுநாள் பள்ளிக்குப் பிள்ளைகள் தூங்கி விழாமல் போவார்கள். உட்கார, எழ அம்மாவுக்கு நாற்காலி கிடைக்கும். எந்த விதத்திலும் குறை சொல்ல முடியாது.

இன்னொன்று தோட்டத்துக் கோயில். செம்பனைக்கு நடுவே இருபது நிமிடம்; பாதி தார், மீதி செம்மண். மழை பெய்திருந்தால் செம்மண்ணில் காடி நடனம் ஆடும். லயத்தில் இப்போது பெரும்பாலும் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும். நம் குடும்பங்கள் ஏழெட்டுதான் மிச்சம். கொலு மூன்று படி. அதில் ஒரு பொம்மைக்கு மூக்கு இல்லை, என் சின்ன வயதிலேயே இல்லை.

அம்மா காலத்தில் ஒவ்வொரு இரவும் ஒரு கூட்டத்தாரின் உபயம். பாலுக்காகப் பால்மரம் வெட்டுகிறவர்கள் ஒரு நாள், ஆலைக்காரர்கள் ஒரு நாள், லோரிக்காரர்கள் ஒரு நாள். தோட்டத்து எழுத்தர்களான கிராணிமார் உபயத்தன்று சர்க்கரைப் பொங்கலில் முந்திரி கூடுதலாக இருக்கும் என்று இன்றைக்கும் சொல்வார். இப்போது எட்டுக் குடும்பம் சேர்ந்து ஓர் இரவை எடுக்கிறோம், குடும்பத்துக்கு 50 வெள்ளி. ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் பழைய ஆட்கள் அந்த ஓர் இரவுக்கு மட்டும் வந்துவிடுவார்கள்.

ஆள் இல்லாத கோயில் என்பதுதான் அதன் பலம். பட்டணத்துக் கோயிலில் மணி அடிக்க ஆள் இருக்கிறது. இங்கே பூசாரி சுற்றும் முற்றும் பார்த்து, “தம்பி, நீ அடி” என்று மகனைக் கூப்பிட்டார். அவன் கை வலிக்க அடித்தான். தேவாரம் பாட யார் என்று கேட்டபோது என் மகளை முன்னால் தள்ளினார்கள். தமிழ்ப்பள்ளி பாலர் வகுப்பில் படித்ததைப் பாடினாள், மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள், பின்னால் உட்கார்ந்திருந்த நாலு பாட்டிகள் ஒரே சமயத்தில் நாலு வேறு சொற்களை எடுத்துக் கொடுத்தார்கள். அப்புறம் சுண்டல் வாளியும் கரண்டியும் அவள் கைக்கு வந்தன. ஒருவருக்கு ஒரு கரண்டி என்று சொல்லியிருந்தோம். மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது, தனக்குப் பிடித்தவர்களுக்கு இரண்டு போட்டிருக்கிறாள் என்று.

அன்று நடுவில் மழை பிடித்தது. தகரக் கூரை, ஒன்றும் கேட்கவில்லை. கரண்ட் போனது. பட்டணத்தில் என்றால் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள். இங்கே செம்மண் சாலையில் யாரும் போக முடியாது என்பதால் எல்லோரும் இருந்தார்கள். குத்துவிளக்கு வெளிச்சத்தில் பழைய கதை ஓடியது. பதினொன்றேகாலுக்கு வீட்டுக்கு வந்தோம். மறுநாள் இருவரும் பள்ளிக்குப் போகவில்லை. கொசுக்கடிக்கு மட்டும் ஒரு வாரம் தைலம் ஆனது.

ஆக, தூக்கம், கொசு, முழங்கால், சாலை எல்லாவற்றிலும் பட்டணத்துக் கோயில் ஜெயிக்கிறது. நான் போடும் ஓட்டு தோட்டத்துக்குத்தான். வேலை நாட்களில் பட்டணம், ஓர் இரவு மட்டும் தோட்டம் என்று சமரசம் செய்துகொண்டோம். அம்மாவைக் கேட்டால் இரண்டும் தோட்டம் என்பார்.

தங்லோங் எங்கள் பண்டிகை இல்லை என்று முதலில் அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. தப்பு. சீன நாட்காட்டியின் எட்டாம் மாதப் பௌர்ணமி அது. 2025இல் நம் புரட்டாசிப் பௌர்ணமியும் அதே வேளை. 1975இல் இரவுக் காவலுக்காகத் தொடங்கிய அக்கம்பக்கக் குழுவான ருக்குன் தெத்தாங்காவின் எங்கள் தாமான் பிரிவு, இப்போது திருடனைப் பிடிப்பதைவிடப் பிள்ளைகளைக் கூட்டி விளக்கு ஊர்வலம் நடத்துவதில்தான் சுறுசுறுப்பு. செலவு ஒரு காகித விளக்கும் இரண்டு மெழுகுவர்த்தியும். பேட்டரி விளக்கு வாங்காதீர்கள்; ஒரே மெட்டை இரவெல்லாம் பாடும், நிறுத்தத் தெரியாது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி நாங்கள் சைவம் என்று தெரிந்து, உப்பு முட்டைக் கரு வைக்காத தாமரை விதை மூன் கேக்கைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். எதிர்வீட்டு மலாய்க்கார காக் (அக்கா) தன் பேரனை எங்கள் மகனோடு அனுப்பினார். அரை மணி நேரத்தில் முடிந்தது, எல்லோரும் எட்டரைக்குப் படுக்கை. மழை இல்லாவிட்டால் கொடுத்த காசுக்கு இதைவிட நல்ல மாலை கிடையாது. மழை வந்தால் காகித விளக்கோடு கதை முடிந்தது, கோயில் மாதிரி தகரக் கூரை கிடையாதே.

தீபாவளிக்குப் பிறகு, வருகிற எல்லோருக்கும் விருந்து வைக்கும் திறந்த இல்ல உபசரிப்பு. மண்டபத்தில் நடக்கும் பெரிய விருந்துக்குப் போனோம். இலவசம், பிரியாணி, மேடை நடனம், அதிர்ஷ்டக் குலுக்கு. பிரமுகர் வரும்வரை சாப்பாட்டு மூடியைத் திறக்கவில்லை. அவர் வந்து பேசினார், அவரோடு வந்தவரும் பேசினார், நன்றியுரை சொன்னவர் முதல் இருவர் பேசியதை மறுபடி பேசினார். மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். குலுக்கில் அம்மாவுக்கு ஒரு ரைஸ் குக்கர் விழுந்தது. அதனால் அம்மா மண்டபக் கட்சி.

மனைவி எங்கள் சந்துக் கட்சி. தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமை எங்கள் வரிசையில் நாலு வீடும் கதவைத் திறந்து வைத்தோம். ஒரு வீட்டில் சாதம், ஒரு வீட்டில் குழம்பு, எங்கள் வீட்டில் பலகாரமும் தண்ணீரும், கடைசி வீட்டில் தோசை. விருந்தாளி நாலு வாசல் ஏறி இறங்கினால்தான் ஒரு சாப்பாடு முழுசாகும். யாருக்கும் முழுச் சுமை இல்லை. மகன் வாசலில் நின்று மலாயில் ஒரு வணக்கம், தமிழில் ஒரு வணக்கம், செருப்பு அடுக்குவது எல்லாம் செய்தான். உறைகளில் வந்த வெள்ளியை இரவு மூன்று முறை எண்ணினான். குறை என்றால் ஒன்றுதான்: நாலு வீட்டுப் பெண்களும் முதல் நாளிலிருந்தே நின்றார்கள், ஆண்கள் கூடாரம் கட்டிவிட்டுப் பெரிய வேலை செய்த மாதிரி தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தோம். அடுத்த முறை தோசைக்கல்லுக்கு நான் நிற்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

2026இல் தேதிகள் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கின்றன. தங்லோங் செப்டம்பர் 25, நவராத்திரி அக்டோபர் 11இல் தொடக்கம், தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அதனால் திங்களும் விடுமுறை. ஈப்போச் சந்தைக்கு நானும் மனைவியும் மட்டும், வேலை நாளில், மழைக்கு முன்னால் போய் வருவதாகத் திட்டம். புது நாள்காட்டியில் வட்டம் போட்டாகிவிட்டது. அக்டோபர் தாளில் மகள் ஒரு கரண்டி வரைந்திருக்கிறாள். எந்த நாளுக்கு என்று கேட்டேன். ஒன்பது நாளுக்கும் என்றாள். தோட்டத்துச் சாலைக்கு எண்ணெய்க் கணக்கை இனிமேல்தான் போட வேண்டும்.